சார்ஜெண்டைப் பிழைக்க வைத்தது நான்தான்

இன்று காலை பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. செய்தி உன் பெயருக்குத்தான் வந்திருந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதமாகியும், புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் கருத்து எழுதும் அந்த இணையதளத்தில், நீ சொல்லி நான் போட்ட உன் கருத்துக்குக் கீழே யார் என்ன எழுதினாலும் என் கைப்பேசிதான் அடிக்கிறது. இந்த முறை ஒருவன் கேட்டிருக்கிறான்: "இந்த அம்மா எந்தப் புத்தகத்தைப் படித்தார்? சார்ஜெண்ட்தான் செத்துப்போகிறாளே." அதற்கும் கீழே நாலைந்து பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அவர்கள் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்துத்தான்.

பீங்கான் கம்பெனியில் நான் பில் போடுகிறவள். நீ சரக்கைத் தட்டிப் பார்க்கிறவள். சூளையிலிருந்து வருவதைக் குச்சியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாய். கணீரென்றால் நல்ல சரக்கு, சத்தம் அடைத்தால் உள்ளே விரிசல். கதையையும் அப்படித்தான் படித்தாய். துப்பறியும் கதை வரிசை ஒன்றில், மழை ஓயாத இங்கிலாந்து ஊர் ஒன்றின் போலீஸ் இன்ஸ்பெக்டரையும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சார்ஜெண்ட் பெண்ணையும் முதல் புத்தகத்திலிருந்தே தொடர்ந்து படித்தோம். சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டைதான். எனக்கு இன்ஸ்பெக்டர் என்றால் உயிர். உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "அந்த ஆளு டீயக் குடிச்சிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு குந்தியிருக்கான். வேல பாக்கறது பூரா அந்தப் பொண்ணு" என்பாய். ரயில் நேரம் ஒத்துவரவில்லை என்று நீ ஒரு புத்தகத்தில் பிடித்த தப்பை இணையதளத்தில் யாராலும் மறுக்க முடியவில்லை. உன் கருத்துக்கென்று காத்திருந்தவர்கள் உண்டு.

சர்க்கரை உன் கண்ணைக் கெடுத்தது, பிறகு கிட்னியை. அப்போது வந்த புத்தகத்தை, தமிழில் வரும்வரை காத்திராமல், உன் கட்டிலோரம் உட்கார்ந்து, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வாசித்தேன். முடியப்போகும் நேரத்தில் சார்ஜெண்ட் கத்திக்குத்துப் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்தைப் புரட்டினேன், செத்துப்போகிறாள். நீயோ டயாலிசிஸ் முடிந்து வந்து கையில் பிளாஸ்திரியோடு படுத்திருக்கிறாய். "அப்புறம் என்னாச்சு, சொல்லுடி" என்கிறாய். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண் விழித்தாள் என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடிகிறதா? நடக்க வைத்தேன், ஸ்டேஷனுக்கு அனுப்பினேன், இன்ஸ்பெக்டர் கையால் அவளுக்கு டீயும் போட்டுக் கொடுக்க வைத்தேன்.

கதை முடிந்ததும், இணையதளத்தில் போடுவதற்காக, "எழுதிக்கோ" என்றாய். "இத்தன புத்தகத்துலயும் இதான் நல்ல புத்தகம். அந்தப் பொண்ணு பொழச்சு வந்ததுல எனக்கு சந்தோசம். முடிவுல மட்டும் சத்தம் அடைக்குது. வேற யாரோ வச்ச முடிவு இது. யாரா இருந்தாலும் நல்ல மனசுக்காரங்க."

முதல் இரண்டு வரியைத்தான் போட்டேன். மீதியைப் போட்டால் மாட்டிக்கொள்வேனோ என்று பயம். "எல்லாத்தயும் போட்டுட்டியா?" என்று கேட்டாய். போட்டுவிட்டேன் என்றேன்.

உன் காதுக்கா என் பொய் கேட்டிருக்காது? நான் எதை மறைத்தேன், ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. சாவைப் பற்றி என்னிடம் பேச வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கலாம். நான்தான் உன் வாயை அடைத்துவிட்டேன். ஊரார் சிரிப்பதைவிட இதுதான் என்னை அறுக்கிறது.

பாலக்கரையில் நின்றபடியே விட்டுப்போன வரிகளைச் சேர்த்தேன். வாசித்தவள் மாற்றிச் சொன்னாள், கேட்டவள் மேல் தப்பில்லை என்று என் பெயர் போட்டு எழுதினேன். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை.

வரிசையில் அடுத்த புத்தகம் வந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் உனக்கு வாசிப்பதுபோல் சத்தமாகவே தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே இன்ஸ்பெக்டர் பூ வாங்கிக்கொண்டு சார்ஜெண்டின் கல்லறைக்குப் போகிறார். அந்த வரி வந்ததும் என் வாய் தானாகச் சொன்னது, அவர் அவள் வீட்டுக்குப் போனார் என்று.