பூனாவுக்குப் போகும் ரயில்

கும்மிடிப்பூண்டி
11.6.2006

என் அக்காள் பெற்ற அருமை மருமகள், பூனா மாநகரத்துப் பட்டத்து ராணி பவானிக்கு, தாய்மாமன் தேசப்பன் ஆசீர்வாதங்களோடு எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். மாப்பிள்ளை நம்ப மாட்டார். கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரர் பிரித்துப் படித்திருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார். பெரியபாளையத்து அம்மன்மேல் ஆணை, யாராலும் நம்ப முடியாத கதை இது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நிமிஷத்துக்குக் காசு. என் பேச்சுக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் உன் சேதி. நீ மசக்கையாக இருப்பதைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் சிப்காட் தொழிற்பேட்டையில் பாதி இரும்பு உலை அணைந்துபோயிற்று. மீதிப் பாதியை நான் ஊதி அணைத்தேன்.

இப்போது என் படிப்பைக் கேள். மனசு கலங்கி மீண்டவர்கள், இப்போது கலங்கியிருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அதுதான் என் உத்தியோகம் என்று உனக்குத் தெரியும். உலைக்குள்ளிருந்து யாரோ என் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று ரோலிங் மில்லிலிருந்து ஓடினேனே, அந்தத் தகுதியில் கிடைத்த உத்தியோகம். ஒருமுறை படித்தால் போதாதாம். வருஷா வருஷம் திருவள்ளூர் மனநல மையத்துக்கு வந்து படித்தால்தான் அடையாள அட்டையைப் புதுப்பிப்பார்களாம். நாற்பத்தெட்டு வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சில்லறையில்லாத கண்டக்டரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள்.

பாடம் எடுப்பவர் விக்டோரியா. அவரும் எங்களைப்போல் மீண்டவர்தான். முதல் பாடமே விபரீதம். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பிறகு அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது. என் எதிரில் பொன்னேரி அப்பாவு. "என் ஆடு காணாமப் போச்சு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல" என்றார். நான் திருப்பிச் சொன்னபோது ஆடு மந்தையாயிற்று. மந்தையைத் துரத்திக்கொண்டு ஆந்திரா எல்லையிலிருந்து புலி வந்தது. அப்பாவுவே வாயைப் பிளந்து, "அப்புறம் இன்னாச்சிண்ணே?" என்று கேட்டார்.

விக்டோரியா சிரிக்கவில்லை. "அண்ணே, அது அவரு ஆடு. நீங்க தொடாதீங்க" என்றார்.

போகட்டும். உன் அம்மா சேதிக்கு வருகிறேன். போன வாரம் கங்கம்மா மகாராணி ராஜநடை போட்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். கவுண்டரில் குனிந்து, பூனாவுக்கு ரயில் உண்டா என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் எழுந்து நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். "இங்கிருந்து இல்லையே தாயே! ஒரு வாரம் பொறுங்கள், உங்களுக்கென்று தனியாகத் தண்டவாளம் போட்டுவிடுகிறோம்" என்று கும்பிட்டார். சிப்காட் மில்கள் எல்லாம் இரும்பு தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. நீ மாங்காய் தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
சிப்காட் சமஸ்தானாதிபதி, வயோதிக மாணவன்,
தேசப்பன்


பூனா
2.7.2006

அன்புள்ள மாமாவுக்கு,

பவானி வணக்கத்துடன் எழுதுவது. சௌக்கியம். வாந்தி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன், வயிறு வலிக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை மாமா.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போவார்களா என்று மாமியார் தினமும் கேட்கிறார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, வழக்கம் என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வேன்? அம்மா என் கல்யாணத்துக்கே வரவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் இந்த மாதங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. அம்மா அப்போது எத்தனையோ நாளாகச் சாப்பிடவில்லை. சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வாம்மா, பெரியபாளையம் போலாம்" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். சாமந்தி மாலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தபோதுகூட, "கோயிலு வாசல இந்தப் பக்கம் மாத்திட்டாங்களா பவானி?" என்று கேட்டாள்.

அவள் கடைசியாக என் பேரைச் சொன்னது அப்போதுதான். நாலு வருஷம் ஆகிறது. குணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், நீங்கள் கூப்பிட்டால்கூட, பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

அதனால் தண்டவாளக் கதையெல்லாம் வேண்டாம். அம்மா என் பேரைச் சொல்கிறாளா? நான் வந்தால் பார்ப்பாளா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
பவானி


கும்மிடிப்பூண்டி
30.7.2006

அருமை மருமகளுக்கு,

ஒரே வார்த்தையா? சமுத்திரத்தைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறாயே! சரி, எழுதுகிறேன்: ஆமாம்.

ஒன்று போதாது. ஆமாம், ஆமாம், ஆமாம்! உன் பேரைச் சொல்லாமல் அக்கா பல் விளக்குவதில்லை. பவானி, பவானி என்று அவள் உச்சரிப்பதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் பெண்குழந்தைக்கு அந்தப் பேரையே வைத்துவிட்டார். இன்னொன்றும் சொல்கிறேன். "எம் பொண்ணு வந்து என்னைப் பெரியபாளையம் இட்டுக்கினு போவா" என்று தெருவையே நிறுத்தி வைத்துச் சொல்கிறாள். பழசெல்லாம் மறந்தாயிற்று. நீ வந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதுதான், அம்மன் சந்நிதியிலேயே உனக்கு வளைகாப்பு. வளையலை அடுக்கத் தாய்மாமன் கை தயார்.

என் படிப்பு? கேட்காதே. மையத்தில் ஒரு விதி உண்டு: சொந்த ரத்தத்தோடு உத்தியோகமாக உட்காரக் கூடாது. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் அக்காவோடு உட்கார விக்டோரியா வருகிறார். ஏன் அப்படி ஒரு விதி என்று வகுப்பில் சண்டை போட்டேன். "சொந்தக்காரங்கன்னா நாம கேக்க மாட்டோம்ணே, ஆசப்படுவோம்" என்றார். ஊரில் பாதிப் பேரைத் தேற்றிய எனக்கே பாடம்! நான் அசரவில்லை. தேர்வில் மறுபடியும் தோற்றேன். இம்முறை அப்பாவுவின் ஆடு பேசவே ஆரம்பித்துவிட்டது.

கவலைப்படாமல் வந்து சேர்.

தோல்வியையே தோற்கடித்த
தாய்மாமன் தேசப்பன்


பூனா
20.8.2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். தெருவை நிறுத்திச் சொல்கிறாள் என்பதை நம்பவில்லை. எதிர்வீட்டுக் குழந்தையையும் நம்பவில்லை. ஆனால் அம்மா பெரியபாளையம் என்ற பேரைத் தன் வாயால் சொன்னாளே, அது போதும். இவ்வளவு பெரிய விஷயத்தில் நீங்கள் விளையாட மாட்டீர்கள்.

அக்டோபரில் ஏழாம் மாதம். டிக்கெட் எடுத்தாயிற்று. பிரசவம் முடியும்வரை அங்கேதான் இருப்பேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அம்மாவுக்குப் பச்சையில் ஒரு சேலை எடுத்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
பவானி


பூனா
5.11.2006

மாமாவுக்கு,

இதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

நான் அங்கே வந்து இறங்கியபோது நீங்கள் ஜாங்கிரி வாங்கப் போயிருந்தீர்கள். நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். அம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெய்யில்ல நடந்தா வந்த?" என்று கேட்டாள்.

மாமா, அது போதுமாக இருந்தது. நான் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்நேரம் அங்கேதான் இருந்திருப்பேன். ஆனால் என் காதில் உங்கள் கடிதம் இருந்தது. அம்மா ஆசைப்படுகிறாள், நான்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, பெரியபாளையம் போலாம்" என்றேன்.

கையை உருவிக்கொண்டாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆட்டோ வாசல்லயே நிக்குதா?"

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் சமைத்ததைத் தொடவில்லை. நீங்கள் கொடுத்ததையும் தொடவில்லை. விக்டோரியா அக்கா வந்து பேசி, அவர் கையால் வாங்கித்தான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "இப்ப நீ போம்மா, பொறவு பாக்கலாம்" என்று அவர் என்னிடம் சொன்னபோது, நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அம்மா அந்தக் கோயில் பேரைச் சொல்லவே இல்லையே மாமா. என் பேரையும் சொன்னதில்லை, இல்லையா? நான் ஒரு பொய் சொன்னேன். நாலு வருஷம் அதற்காக அழுதேன். நீங்கள் அதே பொய்யை என் வாயாலேயே மறுபடியும் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பிரசவம் இங்கேயே. எனக்கு இனிமேல் எழுதாதீர்கள். எழுதினால் எது நிஜம் என்று தேடிக்கொண்டே இருப்பேன். எனக்குத் தெம்பில்லை.

பவானி


கும்மிடிப்பூண்டி
28.1.2007

பவானிக்கு,

எழுதாதே என்று சொன்னாய். இது ஒன்று மட்டும். இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

பெண் குழந்தை என்று மாப்பிள்ளை, தெருமுனை முனுசாமி கடைக்குப் போன் செய்து சொன்னார். இருவரும் சுகம் என்றார். கேட்டுக்கொண்டேன்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். விக்டோரியா சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். இப்போது சாப்பிடுகிறாள். மாத்திரை போடுகிறாள். நான் ஆக்கியதை, முதலில் என்னைத் தின்னச் சொல்லிவிட்டுத் தின்கிறாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நீ கொண்டுவந்த பச்சைச் சேலை பெட்டிமேல் இருக்கிறது. அவள் அதைக் கட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விக்டோரியா வாங்கி மேசைக்குள் வைத்தார். "இந்த வருஷம் நீங்க யாரோடயும் உக்கார வேணாம்ணே. புதுசா வந்தவங்களோட முதல்லேருந்து படிங்க" என்றார். படிக்கிறேன். திருவள்ளூர் பஸ் பெரியபாளையம் வழியாகத்தான் போகிறது. கோயில் வரும்போது குனிந்துகொள்கிறேன்.

போன வகுப்பில் அப்பாவு மறுபடியும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அதே இரண்டு வரியைச் சொல்லிவிட்டு, இனிப் புலி வரும் என்று சிரித்தார். நான், "என் ஆடு காணாமப் போச்சு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல" என்றேன். நிறுத்திவிட்டேன். அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அழுதார். ஆடு அவர் பெண்டாட்டி வளர்த்ததாம். அந்த வாரம்தான் அவள் போய்ச் சேர்ந்தாளாம். இத்தனை நாளாக அதைச் சொல்ல நான் இடம் விடவில்லை.

நீ கேட்டிருந்தாய் அல்லவா, எது நிஜம் என்று? ஆமாம் என்று எழுதினது பொய். பெரியபாளையம் பொய். தெரு பொய், எதிர்வீட்டுக் குழந்தை பொய். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள் பவானி. நீ மசக்கையாக இருக்கும் சேதியை அவளிடம் படித்துக் காட்டிய மறுநாள். பொன்னேரிக்கு டிக்கெட் எடுக்க நான் வரிசையில் நின்றேன். அவள் என் பின்னாலேயே வந்து, என்னைக் கேட்காமல், பக்கத்துக் கவுண்டருக்குப் போனாள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"பூனாவுக்கு ரயிலு கீதா?"

"இங்கேருந்து இல்லம்மா. சென்ட்ரல் போயி மாறணும்."

"மாறுனா, நெஜமா பூனாவுக்குத்தான் போவுமா?"

"போவும்மா."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நீ வந்துபோனதிலிருந்து அவள் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை.

நான் எழுதியதிலெல்லாம் நிஜம் இவ்வளவுதான். சின்னது. அது உன் அம்மாவுடையது. நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது.

தேசப்பன்