என் பங்குக் காளான்

நேற்றுச் சாயங்கால மழையில் சவுக்குச் சருகு ஊறிப்போய், இன்று காலை தோப்புக்குள் நுழைந்ததுமே அந்தப் புளித்த மணம் வந்தது. ஆவணி மாதம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்றுதான் உன்னிடம் இதைச் சொல்ல முடிகிறது.

எட்டாவதோடு படிப்பை விட்டு நான் பொம்மைப் பட்டறைக்கு வந்தபோது எனக்குப் பக்கத்துப் பலகை உனக்கு. அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைப்போம். மயிரிழைக் கீறலும் கண்ணில் பட வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குச் சருகு வாரப் போனாலும் அந்தக் கண்ணை நாம் கழற்றி வைக்கவில்லை. மழை விட்டதும் மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியை உள்ளங்கையில் ஏற்றி, அது மடக்கிய காலை மறுபடி நீட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பட்ட மரத்தில் காது காதாக முளைத்த காளானைப் புரட்டி, அடியில் ஒளிந்த கறுப்பு வண்டுகளைத் தேடுவோம். "பூச்சி தின்னா நாமளும் தின்னலாம்டி" என்பாய். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பறித்த வெள்ளைக் காளானிலும் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. ஆனால் அது புற்றில் முளைக்கவில்லை. தண்டின் அடியில் உடைந்த முட்டை ஓடு போல ஒரு கிண்ணம். நாம் எப்போதும் பறிக்கும் புற்றுக்காளானில் அதை நான் கண்டதில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி மொறைக்கிற? வாயில கொழுக்கட்டையா?" என்றாய். சருகு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அவ பேசுனா வர்ற மழையும் நின்னுடும், உடு" என்றார் ஓர் அக்கா.

தலையைக் குனிந்துகொண்டேன். பாதியை என் தாவணியில் போட்டாய். வாங்கிக்கொண்டேன். வாய்க்கால் திரும்பியதும், யாரும் பார்க்காதபோது, முள்ளுக்குள் வீசிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டில் காளான் தின்கிறவள் நீ ஒருத்திதான். மறுநாள் வாந்தி. அப்புறம் சரியாகிவிட்டதென்று ஒருநாள் பட்டறைக்குக்கூட வந்தாய். ஐந்தாம் நாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கி வந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் தின்னியாடி?" என்றார். "இல்ல பெரிம்மா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று தோப்போரம் மொபெட்டை நிறுத்திவிட்டு, கம்மாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதே காளானைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது வேணாங்க" என்றேன்.

"ஏம்மா, காளான் தெரியாமயா எனக்கு இந்த வயசு ஆச்சு?"

"என் கூட்டாளி இதத் தின்னுதாங்க செத்துப்போனா. என் பங்க நான் வீசிட்டேன். அவகிட்ட சொல்லல."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கூடையைக் கவிழ்த்தார்.

குரல் நடுங்கியது உண்மைதான். ஆனால் அவ்வளவு பேசவும் ஒரு காளானைப் பறிக்கிற நேரம்தான் ஆனது. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.