உங்கள் பெயரில் நான் வாங்கிய மதிப்பெண்

எப்போதும் எனக்கு ஒரு படி முன்னால் நிற்கும் என் அன்பானவருக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் காரணமில்லை. துக்கம் எப்படியோ பழகிவிட்டது. பொறாமைதான் பழகவில்லை. ஆமாம், உங்கள் மேல்தான். போனவர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று சிரிக்காதீர்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன வருடம் உகாதி முடிந்த மறுவாரம் வீட்டுக்காரர் நரசிம்மலு வந்தார். ஹப்சிகுடாவில் இருபத்திரண்டு வருடமாக நாம் வாடகைக்கு இருந்த இந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டு மகனிடம் அமெரிக்கா போகப்போகிறாராம். "சாஃப்ட்வேர் பிள்ளைங்க கேட்ட விலைய குடுக்கறாங்க. ஆனா டீச்சரம்மா, நீங்க வாங்கறதுன்னா ஒரு வருஷம் நான் யாருக்கும் காட்ட மாட்டேன். அதுக்கு மேல நா சேதுல்லோ லேது" என்றார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சுவர்களில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் நீங்கள் அடித்தது, பாதி கோணலாக. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு அறுபத்தொரு வயதில் நான் எங்கே போவேன்? புனேயில் மகள் வீட்டில் எனக்கு ஓர் அறை உண்டு. ஆனால் அது அவள் வீடு. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதி விலைக்கு மேல் என்னிடம் இருந்தது. மீதிக்குப் பென்ஷனைக் காட்டி, எழுபது வயதுக்குள் முடிகிற மாதிரி கடன் கேட்கலாம் என்று வங்கிக்குப் போனேன்.

அங்கே கடன் பகுதியில் ஷாலினி என்று ஒரு திருச்சிப் பெண். கணினியை வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், உங்க பேருக்கு கிரெடிட் ஸ்கோரே வரல. கடனை ஒழுங்காக் கட்டறீங்களான்னு பாத்துக் குடுக்கற மார்க்கு."

"குறைவா இருக்கா?"

"குறைவுகூட இல்ல மேடம். ஒண்ணுமே இல்ல. நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லையா?"

"ஒரு ரூபாய் வாங்கினதில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பரீட்சைக்கு வராதவன் பெயருக்கு நேரே நாங்கள் பூஜ்யம் போடமாட்டோம், வரவில்லை என்றுதான் போடுவோம். பூஜ்யம் வாங்கியவனுக்காவது ஓர் எண் உண்டு.

உங்களுக்கு எண் இருந்தது. உங்கள் கடன் அட்டையை மூடப் போன அன்று அங்கிருந்த அதிகாரி சொன்னார், தொள்ளாயிரத்துக்கு எண்ணூற்றுப் பதினான்கு என்று. "சார் ரெக்கார்ட் அவ்வளவு சுத்தம்மா" என்றார். அன்று எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த எண்ணூற்றுப் பதினான்கு யாருடையது?

நீங்கள் வேலை பார்த்த மல்லாபூர் தொழிற்சாலை வாசலில் ஒருவன் மேசை போட்டு உட்கார்ந்து கொடுத்த அட்டை அது. கடைகளில் பெரிதாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள். மாதாமாதம் பில் வந்ததும் சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி சரிபார்த்தது நான். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால், போலாரம் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் தார்நாகாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, காசோலையை வங்கிப் பெட்டியில் போட்டதும் நான்தான்.

"மினிமம் கட்டினாப் போதும்னு போட்டிருக்கான், பாரு பத்மா."

"அது வட்டிக் கணக்கு தெரியாதவங்களுக்குப் போட்டது."

பெரிய டி.வி. வாங்கி அட்டையின் எல்லையை முழுக்க நிரப்பப் பார்த்தீர்களே, அன்று தடுத்ததும் நான். "தாள்ல மார்ஜின் விட்டு எழுதணும். கொடுத்த இடம் பூரா எழுதறவனுக்கு என்னவோ பதற்றம்னு திருத்தறவங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றேன். கடையிலேயே சிரித்தீர்கள். ஆனால் சின்ன டி.வி.தான் வாங்கினோம்.

ஒன்பது வருடம் பரீட்சை எழுதியது நான். தேறியது உங்கள் எண்.

வங்கியிலிருந்து திரும்பிய நான்காம் நாள் தொலைபேசி. ஒரு பெண் இந்தியில், "சதாசிவம் சார் இருக்காரா? அவருக்கு வீட்டுக்கடன் ரெடியா இருக்கு" என்றாள். அவர் காலமாகிவிட்டார் என்றேன். வருத்தம் சொல்லி வைத்தாள். மூன்று வாரம் கழித்து இன்னொருத்தி, அதே கடனோடு. உயிரோடு இருப்பவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, போனவரை வீட்டுக்கே வந்து அழைக்கிறார்கள். அன்று உங்கள் படத்துக்கு நான் பூ வைக்கவில்லை. கவனித்தீர்களா?

ஷாலினி ஒரு வழி சொல்லியிருந்தாள். வைப்புத்தொகையை ஈடாக வைத்து என் பெயரில் ஓர் அட்டை. வாங்கினேன். வாங்கி என்ன செய்தேன் தெரியுமா? பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆறு மாதம் கழித்து அவள் முன்னால் போய், "ஒரு பைசா செலவழிக்கலை" என்றேன்.

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மேடம், கேள்வித்தாளை வாங்கி வச்சுக்கிட்டு எழுதாமலே ஆறு மாசம் உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் செலவு பண்ணுங்க, முழுசாக் கட்டுங்க. அதைத்தான் அவங்க பாக்கறாங்க."

முப்பத்தைந்து வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தேவைதான். நரசிம்மலு கொடுத்த வருடத்தில் பாதி போய்விட்டது.

அதன்பிறகு மாதம் தவறாமல் மளிகையும் ரத்த அழுத்த மாத்திரையும் அந்த அட்டையில்தான். எல்லையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டமாட்டேன். பில் வந்த மறுநாள் முழுத்தொகை. அப்படி ஒருநாள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. உங்கள் அட்டை வந்த புதிதில் நீங்கள் இரண்டாவதாக ஒரு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தீர்கள்.

"நீயும் உன் பேர்ல ஒண்ணு வாங்கேன்."

"நக்கோ, எனக்கு வேண்டாம். உங்க கார்டுலயே எனக்கு ஒரு துணை அட்டை வாங்கிக் குடுங்க, போதும்."

"உன் பேர்ல இருந்தா உனக்கு நல்லதுடி."

"உங்க பேரும் என் பேரும் வேறயா?"

அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் நான் பால் கணக்கு எழுதினேன். உங்கள்மேல் படவேண்டிய பொறாமையைக்கூட முழுதாகப் படவிடாமல் செய்துவிட்டீர்களே, இது நியாயமா?

போன வாரம் எண் வந்தது. எழுநூற்று நாற்பத்தெட்டு. கடன் கிடைத்துவிட்டது. நரசிம்மலு முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கோணல் ஆணிகளைப் பார்த்து, "இனி இதெல்லாம் உங்களுதே டீச்சரம்மா" என்றார். ஷாலினி கைகொடுத்தாள். உங்கள் எண்ணை மனதில் வைத்து நான் அவளிடம், "மீதி அறுபத்தாறு எங்கே?" என்று கேட்டேன். "அதுக்கு வருஷக்கணக்குல ஆகும் மேடம், சும்மா வந்துடாது" என்றாள்.

நேற்று மறுபடி தொலைபேசி. வழக்கம்போல, "அவர் இல்லைம்மா" என்றேன். "இல்ல மேடம், பத்மா மேடம்கிட்ட பேசணும்" என்றாள் அந்தப் பெண். உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டதுதானே உங்களுக்கு?

இன்று பூ வைத்திருக்கிறேன், இரண்டு முழம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எட்டு வருடக் கடன் இது. ஒரு தவணையும் தவறாது. எண்ணூற்றுப் பதினைந்து வாங்காமல் நான் அங்கே வரமாட்டேன். அதுவரை காத்திருங்கள்.

இத்தனை நாள் உங்கள் எண்ணில் எழுதி, இப்போது சொந்த எண்ணில் எழுதுகிற,
உங்கள் மனைவி
பத்மா