உறையில் எழுதும் பெயர்

வெள்ளவத்தை
14.03.1997

அன்புள்ள உங்களுக்கு,

பலீல் நானா காலையில் தெமட்டகொடையிலிருந்து வந்தார். "தங்கச்சி, நான் மவுத்தாம், செத்துட்டேனாம்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்.

யாழ்ப்பாணத்துப் பாஸ்போட்டைக் கண்டாலே மறிப்பார்கள் என்று நீங்கள் அவருடைய பாஸ்போட்டில் வெளிநாட்டு வேலைக்குப் போனது ஏஜென்சிக்குக்கூடத் தெரியாது. அவர்கள் அவர் வீட்டுக்குத்தான் தந்தி கொண்டுபோயிருக்கிறார்கள். நீங்கள் சாமான் ஏற்றி இறக்கப் போய்வரும் சரக்கு விமானம் கிளம்பிப் பத்து நிமிடத்தில் மலையில் மோதிவிட்டதாம். போனவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதாம். அவர் உள்ளே ஒளிந்திருக்க, அவர் மனைவி றமீலா தந்தியை வாங்கியிருக்கிறா.

விழுந்தது செவ்வாய்க்கிழமை. ஒரு செவ்வாய்ப் பயணத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்ததாகப் போன கடிதத்தில் எழுதினீர்கள். எந்தச் செவ்வாய் என்று எழுதவில்லை. அந்தக் கடிதத்தை எத்தனை தரம்தான் வாசிப்பது?

பிரேதப் பெட்டியை இங்கே அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா என்று நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் நானாவைப் பொலிஸ் பிடிக்கும். "நீங்க சொல்றதத்தான் றமீலா சொல்லுவா" என்கிறார். எதைச் சொன்னாலும் நீங்கள் செத்ததை நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? பொட்டை அழித்தேன். பிறகு திரும்பவும் வைத்தேன்.

நானாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் ஊதி ஊதிக் குடிக்க, அவர் உயிரோடு இருப்பதில் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

உறையில் வழக்கம்போல அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். பதில் போடும்போது உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். அந்தப் பெயரில் இன்னும் ஒருவரும் சாகவில்லை.

பொட்டு வைத்தபடி,
உங்கள் மனைவி