சமையல்காரரை எடுக்காத போட்டோ

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. எங்கள் விடுதிச் சமையல்காரர் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார். “எல்லாரோடயும் ஒரு போட்டோ எடு தம்பி, வீட்ல காட்டணும்” என்றார். எல்லாரும் சட்டை மாற்றி நின்றார்கள். என் கேமராவில் சார்ஜே இல்லை.

“பரவால்லப்பா” என்று சிரித்துவிட்டு வண்டியேறினார். பேட்டரி பழசு என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். முந்தின நாள் முழுக்கப் பாப்பாவின் படங்களைப் பார்த்தே சார்ஜைத் தீர்த்திருந்தேன். அடுப்படிப் பக்கம் போகவே கூசுகிறது.

“சார்ஜ் நிக்கணும்னா ஃபிளாஷ நிறுத்து, ஸ்கிரீன் வெளிச்சத்தக் குறை, எடுத்த படத்தையே திரும்பத் திரும்பப் பாக்காத” என்கிறார் கேமரா கடைக்காரர். முதல் இரண்டும் என்னால் முடியும்.

பாப்பாவைப் படமெடுத்து, பிரிண்ட் போட்டு அனுப்பு. நீயும் கூட நில். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்