குண்டுக்குப் பூசிய கிரீஸ்

என் அன்பான சின்னண்ணா,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் நேற்று முடிந்தது. ஐயர் வந்து கிரியை செய்தார். வெள்ளவத்தையில் எங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்களுக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க் குழம்புதான் வைத்தோம். முகம் சுளிக்க இப்போது யார் இருக்கிறார்கள்?

நினைவு மலர் ஒன்றும் அடித்திருக்கிறார்கள். பண்பாளர், பரோபகாரி, எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்று ஆளுக்கொரு பக்கம். என்னிடமும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே தேங்காயெண்ணெயைப் பற்றி எழுதவேண்டி வந்திருக்கும். ஆகவே அதை இங்கே எழுதுகிறேன். வாசிக்க விரும்புகிறவர்கள் வாசிக்கட்டும்.

சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிற ஒரு மனிதரை எந்தக் கையால் பண்பாளர் என்று எழுதுவது, அண்ணா? தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், செயினுக்கும் அதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது சரி. மண்ணெண்ணெயே மருந்துக்கும் கிடைக்காத காலத்தில் கிரீஸுக்கு எங்கே போவது? வேப்பெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ, அகப்பட்டதை ஊற்றிக்கொண்டு ஓடினோம். கொழும்புக்கு வந்த பிறகும், கடையில் கிரீஸ் ரின் கேட்பாரற்றுக் கிடக்கும்போதும், குசினிக்குள் வந்து போத்தலைத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

"தேங்காயெண்ணெய்க்கு என்ன குறை? எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பூசினவை."

"சைக்கிளுக்கோ அண்ணா?"

"எல்லாத்துக்கும்தான்."

இப்படிச் சொன்னவர், நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு லோயரின் கந்தோரில் கிளாக். வழக்குக் கட்டில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பெயர். சொந்தச் சைக்கிளின் செயின் கடற்காற்றில் துருவேறி, எண்ணெயில் மண் அப்பி, கழுவாத அடிச்சட்டி போலக் கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

உங்களுடைய கொட்டாஞ்சேனைச் சிநேகிதர் அன்ரன் இன்னொரு மேதை. துறைமுகத்தில் வேலை. கிரேன் கம்பிக்குப் பூசுகிற கறுப்புக் கிரீஸைப் பால்மா ரின்னில் அடைத்துக்கொண்டு வந்தார். "கப்பல் சாமானையே தூக்குது மச்சான், உன்ர சைக்கிளுக்குக் காணாதோ?" என்றார். அதைச் செயினில் அப்பிக்கொண்டு போய், காற்சட்டை முழுக்கக் கறையோடு கந்தோரில் போய் நின்றீர்கள். அதை இளக்குவதற்கு மேலே என்ன ஊற்றினீர்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! உருளுகிற இடத்துக்குக் கெட்டிக் கிரீஸ். செயினுக்கு மெல்லிய எண்ணெய். தையல் மெசின் எண்ணெய் என்றாலும் போதும், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி விட்டு, ஊறியதும் மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். பழைய என்ஜின் ஒயில் கூடாது, அதற்குள் இரும்புத் தூள் இருக்கும். பிரேக் பிடிக்கிற ரிம்மில் எதுவுமே படக்கூடாது. இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது? நீங்களோ சில்லு சுழலுகிற நடு ஹப்பில் இருக்கிற சின்னத் துளையால் தேங்காயெண்ணெயை விட்டுவிட்டு வந்து பேப்பர் வாசிப்பீர்கள். உள்ளே மிச்சம் சொச்சமாக இருந்த கிரீஸும் கரைந்து, கம்பிகள் வழியாக வழிந்து ரிம்முக்கு வந்து சேர்ந்தது.

கொழும்பில் ஒரு தமிழனுக்கு எங்கே வேண்டுமானாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம், ஆமி காவல் நிற்கிற சென்றிக்கு முன்னால் மட்டும் போகக்கூடாது. உங்களுக்கு அங்கேதான் போனது. தடையில் முட்டிக்கொண்டு நின்றீர்கள். ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து, "கடல் காத்து தள்ளிப்போட்டுது" என்றீர்கள். அடுத்த ஞாயிறு, உங்களைக் கேட்காமலே பின் சில்லைக் கழற்றினேன்.

அப்போது முருகேசருடைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழருடைய துயரங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர். அன்று காலை முழுக்க மேல்மாடி விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்லின் நடுவில் உருளுகிற இரும்பு மணிகளுக்கு எங்கள் ஊரில் குண்டு என்று பெயர். வேறு பெயர் கிடையாது. உங்கள் வைத்தியத்தில் அவையெல்லாம் பொரிந்துபோயிருந்தன. பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதுக் குண்டுகளை வைத்திருந்தேன். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மஞ்சள் கிரீஸை விரலால் வழித்து உள்ளே பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தேன். கிரீஸ் பிடித்துக்கொள்ளும், சில்லைக் கவிழ்த்தாலும் விழாது. தேங்காயெண்ணெயில் நிற்குமா அண்ணா? பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று மட்டும் சொன்னீர்கள்.

முருகேசரும் இறங்கி வந்தார். ஒரு குண்டை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "நல்ல சாமான். பிள்ளை, அந்தக் கிரீஸிலை கொஞ்சம் தாரும், எங்கட கேற் கத்துது" என்றார். நானே போய் வாசல் கேற்றின் பிணைச்சலுக்குப் பூசிவிட்டேன்.

பிறகுதான் அன்ரனுடைய டெலிபோன் வந்தது. முருகேசர் வீட்டு ஹோலில், ரோட்டைப் பார்த்த ஜன்னலடியில் டெலிபோன் இருந்தது. கம்பியில்லாமலே கொட்டாஞ்சேனைக்குக் கேட்கவேண்டும் என்பதுபோலத்தான் நீங்கள் டெலிபோனில் கதைப்பீர்கள்.

"இண்டைக்கு வரேலாது மச்சான்! குண்டெல்லாம் வைச்சாச்சு! தங்கச்சி கிரீஸ் பூசி மூடுறாள்! பின்னேரம் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் ஒருக்காப் பாக்கப்போறன்!"

கோட்டையில் குண்டு வெடித்து ஊரே பயந்துகொண்டிருந்த காலத்தில், எந்த ஊரில் நின்று, எந்தச் சொல்லைக் கத்தினீர்கள்! ரோட்டால் போன யாருடைய காதில் விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. பின்னேரம் நீங்கள் வெளிக்கிட முன்னமே பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. கேற் ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல்தான், அதுவும் இதுதான். "போல மாத்தயா, பைசிகலே போல" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கும்பிட்டுச் சொன்னேன், போல என்றால் அவர்களுக்கு உருண்டை. மிச்சக் குண்டுகளைக் காட்டினேன். கூட வந்த சார்ஜன்ட் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் முருகேசர் பக்கம் திரும்பினார். இவள் சொல்வது உண்மையா, தமிழில் இதற்கும் அந்தச் சொல்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓம் என்றால் போதும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. முருகேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கு ஒன்றும் தெரியாதென்றும், இவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களென்றும், தான் வாடகைக்கு விட்டதோடு சரியென்றும் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய விரல் நுனியில் என்னுடைய கிரீஸ் அப்போதும் மஞ்சளாக இருந்தது. உங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அவருடைய கதவடியில் நின்று கெஞ்சினேன். பொலிஸுக்கு வந்து ஒரு சொல் சொல்லச் சொல்லி.

"பிள்ளை, என்ர மகன் வெளிநாடு போக அலுவல் பாக்கிறான். என்ர பேர் ஒண்டிலையும் அடிபடக்கூடாது. குறை நினையாதையும்."

குறையா? அந்த ஆள்மேல் குறை நினைக்கிறதென்றால் முதலில் அவரை ஆளாக மதிக்கவேண்டுமே. கறுப்புக் கிரீஸ் அன்ரன் என்ன செய்தார் தெரியுமா? "டெலிபோனில் மறுபக்கம் நின்றவன் நான்தான்" என்று தானாகவே பொலிஸில் போய்ச் சொன்னார். அடி வாங்கினார். அவரையும் கொஞ்ச நாள் உள்ளே வைத்தார்கள். கிரீஸைப் பற்றி அன்ரன் இனி என்ன மடைத்தனம் பேசினாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் லோயர் ஏறி இறங்கி, பல கிழமைக்குப் பிறகு உங்களை வெளியே எடுத்தார். வந்தீர்கள். உள்ளே என்ன நடந்ததென்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிளைத் தொடவே இல்லை. டெலிபோன் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தீர்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து பிறகு வரவே இல்லை. குண்டு பல்பை லைற் என்றீர்கள். மூன்றாம் வீட்டுக் குண்டு மாமி, அவவுக்கே பிடித்துப்போன பெயர், அவவும் வெறும் "அந்த மாமி" ஆகிப்போனா. நான் சிரித்தேன், நீங்கள் சிரிக்கவில்லை. போன மாதம் உங்களுக்கு நெஞ்சடைத்தபோது டொக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று, சாப்பாட்டுக்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேச எழும்பியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? முருகேசர்தான். நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து எவ்வளவோ காலம். அழைக்காமலே வந்து முன்வரிசையில் இருந்தார். "என்ர சொந்தப் பிள்ளை மாதிரி வைச்சிருந்தனான்" என்று தொடங்கினார். பாயச வாளியோடு நின்ற நான் அதைக் கீழே வைத்தேன்.

"ஐயா, குண்டு எண்டால் என்ன?"

ரோட்டுப் பக்க ஜன்னலை யாரோ அவசரமாகச் சாத்தினார்கள்.

"இப்ப எதுக்குப் பிள்ளை அது?"

"தெரிஞ்சால் சொல்லுங்கோ."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சைக்கிள் குண்டு. சில்லுக்குள்ளை போடுறது" என்றார்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். பின்னால் நின்ற அன்ரன் வாய்விட்டு அழத் தொடங்கினார். முருகேசர் பேச்சை முடிக்காமலே கதிரையில் இருந்துவிட்டார். பந்தியில் அவருடைய இலைக்கும் நான்தான் பாயசம் ஊற்றினேன். தலை நிமிராமல் குடித்தார்.

உங்கள் சைக்கிள் இப்போது என்னுடையது. ஒரு துளி தேங்காயெண்ணெய் அதில் படாது, அதற்கு மேல் உங்கள் ஆத்மா சாந்தியடைந்தாலும் சரி, அடையாவிட்டாலும் சரி. முன் சில்லிலும் வேலை இருக்கிறது. நாளைக்குக் காலி வீதிக் கடைக்குப் போவேன். சனம் நிற்கும், பொலிஸும் நிற்கும், எனக்குப் பயமாகவும் இருக்கும். ஆனாலும் தமிழில், கொட்டாஞ்சேனைக்குக் கேட்கிற மாதிரி, "சைக்கிளுக்குக் குண்டு தாங்கோ" என்று கேட்டுத்தான் வாங்குவேன். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, இரண்டு தரம் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் ஒரே தங்கச்சி வதனி