சிவப்பு விமானத்துக்கு வழி விட்டோம்

என் அன்பான தயாளினிக்கு,

உம்முடைய மூட்டுவலி எப்படி? நான் நல்ல சுகம். போன ஞாயிறு கோயிலில் நின்றேன் என்று போனில் சொன்னது பொய். வானத்தில் இருந்தேன். கடிதத்தில் சொன்னால் உம்முடைய ஏச்சு வந்து சேர நாளாகும்.

பாரிஸில் எங்கள் லாச்சப்பல் கடைக்கு மரக்கறி வாங்க வரும் புதுச்சேரிக்காரர் கபிரியேல் அண்ணை சின்ன விமானம் ஓட்டுவார். விமானக் கண்காட்சி ஒன்றுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

"குணா, அங்க முப்பது பிளேன் வரிசையா எறங்கும். நான் ரேடியோவைக் கேக்கணும். நீ வாயைத் தொறக்காதே. கிட்ட ஏதாவது தெரிஞ்சா தோளைத் தட்டிக் கையைக் காட்டு."

கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் உமக்குச் செய்யாததை அவருக்குச் செய்தேன். அரை மணி நேரம் பேசவில்லை. இறங்கப்போகும் நேரம் என் பக்கம், கீழிருந்து, ஒரு சிவப்பு விமானம் எங்கள் பாதைக்குள் ஏறி வந்தது. தோளில் தட்டினேன். அண்ணை பதறாமல் மேலே ஏற்றி, சுற்றிப் போய், வரிசையின் கடைசியில் சேர்ந்து பத்திரமாக இறக்கினார்.

"இனிக் கதைக்கலாமோ அண்ணை?"

"பேசுடா."

"அம்மாளாச்சி!" என்றேன். வேறொன்றும் வரவில்லை. உம்முடைய முகம்தான் வந்தது.

எனக்கு ஒரு காற்சட்டை தைத்து அனுப்பும். இங்கே கடைகள் நிறைய. என் அளவு தெரிந்த ஆள்தான் இல்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது.

அன்புடன்,
குணரத்தினம்

பி.கு: விமானக் கதவின் கொளுக்கி பழைய காற்சட்டையைப் பின்பக்கம் கிழித்துவிட்டது. கண்காட்சி முழுக்க விமானத்தில் முதுகைச் சாய்த்தபடி நின்றேன். அதன் சொந்தக்காரர் என்று நினைத்து மூன்று பேர் என்னோடு படம் எடுத்தார்கள்.